இளஞ்சிவப்புச் சீட்டும் பச்சைச் சீட்டும்

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரண்டு நாட்களில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இயந்திரம் கிடையாது. பழையபடி காகிதச் சீட்டு, ரப்பர் முத்திரை, இரும்புப் பெட்டி. உள்ளே போன வாக்காளர் கையில் நான்கு சீட்டுகளைக் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சிச் சின்னம் இருக்காது, விதி அனுமதிப்பதில்லை. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று பொதுச் சின்னங்கள்தான். பச்சையிலும் மஞ்சளிலும் உதயசூரியன், இரட்டை இலை, கை, மாம்பழம் எல்லாம் வந்துவிடும்.

இளஞ்சிவப்புச் சீட்டைப் பிரித்த பெண்ணுக்கு அதில் இருக்கும் அத்தனை பேரையும் தெரியும். மேல்நிலைத் தொட்டியின் வால்வை யார் ஒழுங்காகத் திறந்துவிடச் சொல்வார், நூறு நாள் வேலைப் பட்டியலில் யார் தன் சொந்தக்காரர்களை மட்டும் ஏற்றுவார், துக்க வீட்டுக்கு யார் முதல் ஆளாக வந்து நிற்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அங்கே ஆளை எடைபோட்டுத்தான் குத்துகிறார். பச்சைச் சீட்டைப் பிரித்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அதிலிருப்பவர் எங்கோ ஒன்றியத்தின் அடுத்த கோடியில் இருக்கும் ஊர்க்காரர், பெயரே புதிது. கண் நேராகச் சின்னத்துக்குப் போகிறது. ஐந்து நிமிட இடைவெளியில், ஒரே மறைப்புக்குப் பின்னால், ஒரே பெண் இரண்டு விதமான வாக்காளராக இருந்துவிட்டு வெளியே வருகிறார்.

இன்றைய பேச்சு அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது.

படித்தவர்கள் கூடும் இடங்களில் ஒரு புலம்பல் உண்டு. ஜனங்கள் ஆளைப் பார்ப்பதில்லை, சின்னத்தைப் பார்த்துக் குத்துகிறார்கள். இந்தக் கட்சி சார்பில் கழுதையை நிறுத்தினாலும் ஜெயித்துவிடும் என்பார்கள். சொல்பவரின் குரலில் கொஞ்சம் இளக்காரமும் இருக்கும். புலம்பலில் உண்மை உண்டு. ஆனால் அது தவறான வாசலில் நின்றுகொண்டு எழுப்பும் குரல். கழுதையை யார் நிறுத்தினார்கள் என்ற கேள்வி அதில் இல்லை.

முதலில் உண்மையைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் விருதுநகருக்குத்தான் போவார்கள், போகாமல் முடியாது. ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர், அப்போது அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர், பிறந்த ஊரில் நிற்கிறார். எதிரே திமுகவின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். 1967 பிப்ரவரியில் காமராஜர் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அமைச்சராக இருந்தும் சொத்துச் சேர்க்காத கக்கன் மேலூரில் தோற்றார். ஆளின் தரம்தான் அளவுகோல் என்றால் இந்த மூவரில் இருவராவது தோற்றிருக்கவே கூடாது.

அதே தேர்தலில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பலர் அதைச் சொல்வதில்லை. மாநிலம் முழுக்க எண்ணிப் பார்த்தால் காங்கிரஸ் சுமார் 41 விழுக்காடு வாக்கு வாங்கியது, திமுக அதைவிட ஒரு துளி குறைவாகவே வாங்கியது. காங்கிரஸ் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் நின்றது, திமுக கூட்டணி சேர்த்து 174 இடங்களில் நின்று 137ஐப் பிடித்தது என்பதுதான் வித்தியாசம். அரிசித் தட்டுப்பாடு, 1965 மொழிப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு, இருபது ஆண்டு ஆட்சி மீதான அலுப்பு எல்லாம் சேர்ந்து ஒரு ஆட்சியை இறக்க மக்கள் முடிவெடுத்தார்கள். அந்த முடிவை விருதுநகர்க்காரர் எங்கே எழுதுவார்? அவர் கையில் இருந்தது ஒரே ஒரு சீட்டு. காமராஜர் வேண்டும், காங்கிரஸ் ஆட்சி வேண்டாம் என்று அதில் எழுத இடமில்லை.

இப்படிப் பார்ப்பதற்கு ஆதாரம் அடுத்த சில ஆண்டுகளில் கிடைத்தது. 1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் அதே காமராஜர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1971இல் இந்திராவும் திமுகவும் சேர்ந்து மாநிலத்தையே வாரிக்கொண்டு போனபோதும், தமிழ்நாட்டிலிருந்து பழைய காங்கிரஸின் ஒரே மக்களவை உறுப்பினராக நாகர்கோவிலிலிருந்து போனவர் அவர்தான். குமரி மாவட்டம் காங்கிரஸின் கோட்டை என்பது ஒரு காரணம். மாநில ஆட்சி அந்த வாக்கில் தொங்கவில்லை என்பது இன்னொரு காரணம்.

அடுத்து ஆண்டிப்பட்டி. 1984 டிசம்பரில் சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். வேட்புமனுவில் கையெழுத்து அங்கேயே வாங்கப்பட்டது. தொகுதிக்கு ஒருநாள்கூட வராமல் வென்றார். கட்சியும் ஆட்சியைத் தக்கவைத்தது. இதை ஆளுக்கு விழுந்த வாக்கு என்பதா, கட்சிக்கு விழுந்த வாக்கு என்பதா? எம்.ஜி.ஆர். விஷயத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் இறந்து ஓராண்டு கழித்து, 1989 ஜனவரியில், அதே ஆண்டிப்பட்டியில் அவர் மனைவி ஜானகி நின்றார். கட்சி இரண்டாக உடைந்து இரட்டை இலை முடக்கப்பட்டிருந்த நேரம். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. எம்.ஜி.ஆரின் தொகுதி எம்.ஜி.ஆரின் மனைவியைக் கைவிட்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அணிகள் இணைந்தன, இலை திரும்பி வந்தது, மார்ச்சில் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் நடந்த தேர்தல்கள் இரண்டையும் இலை வென்றது. அதே ஆண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தபோது, ஆட்சியில் இருந்த திமுகவுக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

சின்னம் என்றால் சும்மா படம் என்று நினைப்பவர்கள் முதல் பொதுத் தேர்தலை நினைத்துப் பார்க்க வேண்டும். 1951–52இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு வாக்கு. எழுத்தறியாதவர் நிறைந்த நாட்டில் வேறு வழி இருந்திருக்காது. இன்றைக்கும் வாக்கு இயந்திரத்தில் கட்சியின் பெயர் இல்லை, கவனித்திருக்கிறீர்களா? வேட்பாளர் பெயர், சின்னம், 2015 முதல் அவருடைய புகைப்படம். அவ்வளவுதான். சட்டப்படி பார்த்தால் அந்தப் பலகை முழுக்க ஆட்களே இருக்கிறார்கள். கட்சி அங்கே ஒரு சின்னப் படமாக மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் பலருடைய கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிகிறது. தெருவில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியும் அதற்கேற்பத்தான்: தலைவர் முகம் ஆளுயரத்துக்கு, வேட்பாளர் முகம் பாஸ்போர்ட் அளவுக்கு.

சின்னம் இல்லாமல் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1996இல் மொடக்குறிச்சி ஒரு காட்சி காட்டியது. கோரிக்கைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியிருந்தது. வென்றவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அந்தப் புத்தகத்தில் மக்கள் தேடியது உதயசூரியனை. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்றத் தேர்தலுக்கான காப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏறியது.

சரி, ஆளுக்கா சின்னத்துக்கா என்ற கேள்வியை ஒரு ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்க முடியுமா? தமிழ்நாடு 2019இல் அந்தச் சோதனையைத் தன்னையறியாமல் நடத்திக் காட்டியது.

2017 செப்டம்பரில் அதிமுகவின் 18 சட்டமன்ற உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். அவர்கள் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்று முதலமைச்சருக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்கள். வழக்கு நடந்து, தகுதிநீக்கம் செல்லும் என்று தீர்ப்பானது. காலியான அந்த 18 இடங்களோடு வேறு நான்கும் சேர்ந்து 22 தொகுதிகளுக்கு 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இடைத்தேர்தல். பதவி இழந்தவர்களில் பலர் அதே தொகுதிகளில் தினகரன் தொடங்கிய அமமுகவின் பரிசுப் பெட்டிச் சின்னத்தில் நின்றார்கள். ஆள் அதே ஆள்தான். முகம், சொந்தபந்தம், தொகுதிப் பழக்கம், மூன்றாண்டுக்கு முன் வாங்கிய வாக்கு எதுவும் மாறவில்லை. சின்னம் மட்டும் மாறியிருந்தது. அமமுக ஓரிடத்தில்கூட வெல்லவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரில் திரும்பவும் சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர் ஒருவர்தான். அவர் திமுகவில் சேர்ந்து அரவக்குறிச்சியில் உதயசூரியனில் நின்றவர்.

சோதனையின் இரண்டாம் பாதி இதைவிடச் சுவையானது. ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலும் 18 தொகுதிகளின் இடைத்தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. வாக்காளர் அடுத்தடுத்து இரண்டு பொத்தான்களை அழுத்தினார். அன்று வாக்களித்த 38 மக்களவைத் தொகுதிகளில் தேனியைத் தவிர மற்றதெல்லாம் திமுக அணிக்கு. ஆனால் சோளிங்கர், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், நிலக்கோட்டை, மானாமதுரை, சாத்தூர், பரமக்குடி, விளாத்திகுளம் ஆகிய எட்டுச் சட்டமன்ற இடங்களில் இரட்டை இலை வென்றது. இந்த எட்டையும் உள்ளடக்கிய மக்களவைத் தொகுதிகள் ஒவ்வொன்றும் திமுக அணியிடம் போயிருக்கின்றன. டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு. சின்னத்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு குத்தும் கூட்டம் என்றால் இது எப்படிச் சாத்தியம்? கையில் இரண்டு வாக்கு இருந்தது, இரண்டு வேலைக்குப் பயன்படுத்தினார்கள். இவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்பவருக்குத்தான் விவரம் போதவில்லை.

விளவங்கோடும் இதே கதையை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. காங்கிரஸின் விஜயதரணி 2011, 2016, 2021 என மூன்று முறை தொடர்ந்து வென்ற தொகுதி. 2024 பிப்ரவரியில் அவர் பாஜகவுக்குப் போனார். ஏப்ரலில் இடைத்தேர்தல். காங்கிரஸ் நிறுத்திய தாரகை கத்பர்ட், சட்டமன்றத்துக்குப் புதியவர், வென்றார். உறுப்பினர் போனார், தொகுதி போகவில்லை.

நல்லவர்கள் தோற்ற பட்டியலைச் சொல்லிக்கொண்டே போகலாம். 1999இல் கோவையில் கம்யூனிஸ்ட் கட்சியின் நல்லகண்ணு நின்றார். எளிமையையும் நேர்மையையும் எதிர்க்கட்சிக்காரர்களே மறுக்காத மனிதர். திமுக கூட்டணியில் நின்ற பாஜக வேட்பாளர் சி.பி. ராதாகிருஷ்ணனிடம் தோற்றார். ஐந்தாண்டு கழித்து, கம்யூனிஸ்ட் கட்சி திமுக அணிக்கு மாறியிருந்தபோது, அதே கோவையில் அதே கட்சியின் சுப்பராயன் அதே ராதாகிருஷ்ணனைத் தோற்கடித்தார். மணிப்பூரில் பதினாறு ஆண்டு உண்ணாவிரதம் இருந்த இரோம் ஷர்மிளா 2017இல் தௌபால் தொகுதியில் முதலமைச்சரை எதிர்த்து நின்று வாங்கிய வாக்கு 90. அந்தத் தொண்ணூறைப் பார்த்து மக்களுக்கு நன்றி இல்லை என்று எழுதியவர்கள் உண்டு. மரியாதை வேறு, ஆட்சியைக் கையில் கொடுப்பது வேறு என்று மணிப்பூர்க்காரர்கள் பிரித்துப் பார்த்திருக்கலாம் என்று யாரும் எழுதக் காணோம்.

இப்போது காரணத்துக்கு வரலாம். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

நம் அரசியலமைப்பு எழுதப்பட்டபோது அதில் கட்சிகளுக்கு இடம் தரப்படவில்லை. தொகுதி ஆளைத் தேர்ந்தெடுக்கும், ஆட்கள் கூடி ஆட்சி அமைப்பார்கள் என்பதே ஏட்டிலிருந்த ஏற்பாடு. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் திரும்பத் திரும்பக் கட்சி மாறி, 'ஆயா ராம், கயா ராம்' என்ற சொல்லுக்கே காரணமானார். அந்த நோய்க்கு மருந்தாக 1985இல் 52ஆவது திருத்தம் வந்தது. பத்தாவது அட்டவணை, கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சிகள் அரசியலமைப்புக்குள் நுழைந்தது அப்படித்தான், தண்டிக்கும் அதிகாரத்தோடு. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், அல்லது வாக்கெடுப்புக்கு வராமல் இருந்தால், உறுப்பினர் பதவி போகும். மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்து போனால் தப்பிக்கலாம் என்றிருந்த சந்தையும் 2003இல் அடைத்துவிட்டார்கள்.

தாவல் குறைந்ததா என்பது தனி விவாதம். ஆனால் ஒன்று நடந்தது. சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு என்று வந்துவிட்டால் நல்ல உறுப்பினரும் கெட்ட உறுப்பினரும் ஒன்றுதான். இருவரும் எண்ணப்படும் கைகள். 2017 பிப்ரவரியில் கூவத்தூர் விடுதியில் ஆளும்கட்சி உறுப்பினர்கள் தங்கவைக்கப்பட்டிருந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தொகுதி மக்கள் தொலைபேசியில் கூப்பிட்டுக் கருத்துச் சொன்னார்கள், சிலர் திட்டவும் செய்தார்கள். பிப்ரவரி 18 அன்று 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பு முடிந்தது. பொறியியல் பட்டம் பெற்றவர், பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர், ஊருக்கு உழைத்தவர், உழைக்காதவர் என்ற எந்த வேறுபாட்டுக்கும் அந்த 122இல் வேலை இருக்கவில்லை.

ஆக, வாக்காளர் முன் இருப்பது இதுதான். அவருடைய ஒரு வாக்கு இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது: கோட்டையில் யார் உட்கார வேண்டும் என்று சொல்ல வேண்டும், தொகுதிக்கு யார் வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். இரண்டும் முரண்பட்டால் முதலாவதை எடுத்துக்கொள்கிறார். ரேஷன் அரிசி, பேருந்துக் கட்டணம், மகளிருக்கு மாதத் தொகை, பயிர்க்கடன் தள்ளுபடி எல்லாம் கோட்டையில் முடிவாகின்றன. தொகுதி உறுப்பினர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் தாசில்தார் அலுவலகத்தில் ஆளும்கட்சி ஒன்றியச் செயலாளரின் தொலைபேசிக்கு இருக்கும் மதிப்பு அவருடைய கடிதத்துக்கு இருக்காது. 2011, 2016, 2021 மூன்று பொதுத் தேர்தல்களிலும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு ஒரு சுயேச்சைகூடத் தேர்வாகவில்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம்.

வாக்கை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் தொகுதி வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என இரண்டு வாக்குகள். இலங்கையில் 1989 நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து, கட்சிக்கு வாக்களித்துவிட்டு அதே கட்சியின் பட்டியலில் மூன்று பேருக்கு 'விருப்பு வாக்கு' போடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரோடொருவர் விருப்பு வாக்குக்கு அடித்துக்கொண்டதும், மாவட்டம் முழுக்கச் செலவழிக்கப் பணமுள்ளவருக்கு அது வசதியாகிப் போனதும் அங்குள்ள தமிழர்களுக்குத் தெரியும். அலை வரும்போது அதுவும் தாங்குவதில்லை. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. ஊரறிந்த பெயர்கள் பல வெளியே நின்றன.

அப்படியானால் கட்சியை அகற்றிய இளஞ்சிவப்புச் சீட்டு நமக்கு என்ன தந்திருக்கிறது? நல்ல பதில் இரண்டு உண்டு. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகப் பணியை விட்டுவிட்டு வந்த பொறியாளர் இளங்கோ ரங்கசாமி 1996இல் தலைவரானார். பத்தாண்டு அந்த ஊர் பஞ்சாயத்து என்றால் என்ன என்பதற்கு எடுத்துக்காட்டாக இருந்தது. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி, தலைவர் சண்முகம் காலத்தில், சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் வங்கிக் கடனும் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006இல் நிறுவியது. ஊராட்சி தன் தேவை போக மீதி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. இந்த இருவரையும் மக்கள் அறிந்து எடுத்தார்கள். சின்னம் அதில் வேலை செய்யவில்லை.

கெட்ட பதிலையும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு நேர்மையானதாக இருக்காது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியிலும் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கே தலைவராகத் தேர்வான முருகேசனும் அவரோடு பேருந்தில் போனவர்களும் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித்தொகுதி ஆனதைச் சாதி பொறுக்கவில்லை. அதே காரணத்தால் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 தொடங்கிப் பத்தாண்டு முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. தலைவர் பதவியைக் கோயில் வாசலில் வைத்து ஏலம் விட்ட செய்திகளும் ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் வருகின்றன. ஊர் ஆளைப் பார்க்கிறது என்றால், ஆளின் குணத்தை மட்டும் பார்ப்பதில்லை. அவர் எந்தத் தெரு என்பதையும் பார்க்கிறது. கட்சிச் சீட்டு சில சமயம் அந்தத் தெருக் கணக்கைத் தாண்டியிருக்கிறது. 2022 நகர்ப்புறத் தேர்தலில் 21 மாநகராட்சிகளையும் திமுக அணி பிடித்தது என்று சலித்துக்கொள்ளலாம். கும்பகோணத்தில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் மேயரானதும், சென்னைக்கு முதன்முறையாகத் தலித் பெண் ஒருவர் மேயரானதும் அந்த அலையில்தான். தனியாக நின்றிருந்தால் அவர்களுக்குக் காப்புத்தொகை மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம்.

எனவே சின்னத்தைப் பார்த்துக் குத்துவது குற்றம் என்ற வாதத்தை இந்த மேடை ஏற்கவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. வாக்காளர் கட்சியைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுதாகக் கட்சியிடம் போய்விடுகிறது. அந்தப் பொறுப்பைக் கட்சிகள் எப்படி நிறைவேற்றுகின்றன?

தேர்தலுக்கு முன் விருப்ப மனு வாங்குகிறார்கள். 2021இல் திமுகவில் பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாய் கட்டணம். பிறகு நேர்காணல். உள்ளே எவ்வளவு செலவு செய்வீர்கள், தொகுதியில் உங்கள் சமூகம் எத்தனை விழுக்காடு என்று கேட்பார்கள் என்பது எந்தக் கட்சி அலுவலக வாசலில் நின்றாலும் காதில் விழும் பேச்சு. இப்போது சட்டமன்ற வேட்பாளர் சட்டப்படி செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். நேர்காணலில் பேசப்படும் தொகை அதற்குள் அடங்குமா என்பதை அவையின் ஊகத்துக்கு விட்டுவிடலாம். கடைசியில் பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மாலையில் வெளியாகும். கிளைக் கழகத்தில் இருபது ஆண்டு கொடி கட்டியவர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். சின்னத்தை ஒதுக்கும் அதிகாரம் பி படிவத்தில் இடப்படும் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் அதிமுகவில் அந்தக் கையெழுத்தை யார் போடுவது என்பது உச்ச நீதிமன்றம் வரை போனது. தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். அவர்கள் யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற வரம்பை முடிவு செய்வது அந்த ஒரு கையெழுத்து.

நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறது. 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளர் தன் சொத்து, கடன், கல்வி, தன் மீதுள்ள வழக்கு எல்லாவற்றையும் படிவம் 26இல் உறுதிமொழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். 2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது: குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால், வழக்கில்லாத ஒருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்று கட்சி காரணம் எழுதி வெளியிட வேண்டும்; வெற்றி வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது. கட்சிகள் எழுதிய காரணங்களைப் படித்தால், சமூக சேவகர், மக்கள் செல்வாக்கு உள்ளவர், வழக்கு அரசியல் உள்நோக்கம் கொண்டது என்று ஒரே வார்ப்பில் இருக்கின்றன. வெற்றி வாய்ப்பு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அதையே வேறு சொற்களில் எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு மேல் நீதிமன்றம் போக முடியாது. போகக் கூடியவர்கள் கட்சியின் உறுப்பினர்களும், அந்தக் கட்சிக்கே பரம்பரையாகக் குத்தும் குடும்பங்களும்தான். எதிர்க்கட்சிக்காரர் கேட்டால் கட்சி அசையாது. எப்படியும் நமக்குப் போடப் போகிறவர் கேட்டால் கொஞ்சம் யோசிக்கும். வாக்குப்பதிவு நாளில் கேட்பது காலம் கடந்தது, வேட்புமனு நாளும் காலம் கடந்ததே. விருப்ப மனு வாங்கும் மாதத்தில் கேட்க வேண்டும். போன முறை நிறுத்தியவர் ஐந்தாண்டில் எத்தனை முறை ஊருக்கு வந்தார், அவர் போன முறையும் இந்த முறையும் கொடுத்த படிவம் 26இல் சொத்து எவ்வளவு ஏறியிருக்கிறது, இந்த வட்டாரத்திலேயே இருக்கும் நல்ல ஆள் ஒருவருக்கு ஏன் சீட்டு இல்லை என்று கேட்க வேண்டும். படிவம் 26 ரகசியம் கிடையாது. தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஆணையத்தின் இணையதளத்திலும் இருக்கிறது.

யாரிடம் போய்க் கேட்பது என்று யோசிப்பவர்கள் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. கட்சிக் கிளைச் செயலாளரின் வீடு உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோதான் இருக்கிறது.